ரம்பத்தின் பல் இல்லாத பக்கம்

வணக்கம், நேயர்களே. ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்ட அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். என்னை யாரும் இசை விமர்சகன் என்று சொன்னதில்லை. சுருதி சேராவிட்டால் முகம் சுளிக்கத் தெரியும், அவ்வளவுதான் என் தகுதி. அந்தச் சுளிப்பிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது நான் செய்தது அதைத்தான்.

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்று ஒரு அமெரிக்க இண்டி இசைக்குழு, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராதது. பெயரில் பாலும் இருக்கிறது, ஓட்டலும் இருக்கிறது. இரண்டுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1998 பிப்ரவரியில் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் இவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' என்று பெயர். 11 பாட்டுகள், மொத்தம் 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நண்பர் ஒருவர் "கேட்டே ஆக வேண்டும்" என்று அனுப்பிவைத்தார். அப்படி அனுப்பப்படுகிற எதையும் நான் உடனே கேட்பதில்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது செல்பேசியில் ஓடவிட்டேன், அதுவும் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு. மாங்கம், அதாவது குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கம், மூக்கால் பாடினார். மேல் சுரத்துக்குப் போகும்போதெல்லாம் எட்டாத கிளைக்கு எக்குகிறவர் மாதிரி எக்கினார். கிடார் கரகரத்தது. ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டது போலிருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு வேறு ஒருவருடைய பாட்டைப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கரகரப்பு வேண்டுமென்றே வைத்தது என்று பிறகு தெரிந்தது. 1997இல் டென்வர் நகரில் ராபர்ட் ஷ்னைடர் என்பவர் இதை ஒலிப்பதிவு செய்தார். வழக்கமாக ஒலிப்பதிவில் ஒலியளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒலி சிதையும். இவர் தாண்டவிட்டார். சாதாரண மரக் கிடாரையே மைக் கருவி தாங்குகிற அளவுக்கு மேல் உள்ளே தள்ளி, அது சீறுகிறபடி பதிவு செய்தார். காரணம் தெரிந்ததும் பிடித்துவிட்டதா என்றால், இல்லை. காரணம் தெரிந்தும் பிடிக்காத விஷயங்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் மறுபடி கேட்க ஒரு சாக்கு கிடைத்தது.

இந்தத் தடவை ஹெட்போனில், படுத்துக்கொண்டு, வரிசை மாற்றாமல். இதை அப்படித்தான் கேட்க வேண்டும். ஒரு பாட்டு முடிகிற மூச்சிலேயே அடுத்தது பிடித்துக்கொள்கிறது. தனிக் கிடாரோடு போகிற 'டூ-ஹெடெட் பாய்' ஓய்ந்ததும் இடைவெளியே இல்லாமல் ஊதுகுழல்கள் தள்ளாடியபடி ஒரு ஊர்வலம் போகின்றன. பாட்டு கலைந்திருந்த அன்று அந்த ஊர்வலம் எனக்கு எங்கிருந்தோ வழிதவறி வந்ததாகத்தான் தோன்றியது.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டில் ஒரு ஓசை வரும். பெண் குரலோ என்று நினைத்தேன், வயலினோ என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை, ரம்பம்! மரம் அறுக்கிற ரம்பமேதான். குழுவில் ஜூலியன் கோஸ்டர் என்பவர் வாசிக்கிறார். கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மறுமுனையைக் கையால் பிடித்து, தகட்டைப் பாம்பு நெளிவதுபோல இரண்டு வளைவாக வளைக்க வேண்டும். பல் இல்லாத பக்கத்தில் வயலின் வில்லை இழைத்தால், ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஓசை பிறக்கும். வளைவு கூடக்கூட சுருதி ஏறும். வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கித்தான் போயாக வேண்டும். அதனால் எந்தச் சுரத்திலும் அது நிலையாக உட்காருவதில்லை, அழுகையை அடக்கிப் பேசுகிறவர் குரல் மாதிரி. மாங்கத்தின் குரலும் அப்படித்தானே என்று அங்கேதான் உறைத்தது. ஒப்பாரி வைப்பவரிடம் போய் சுருதிப்பெட்டி எங்கே என்று கேட்ட ஆள் நான்.

ஒப்பாரி என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பாட்டுகளுக்குள் ஒரு சாவு இருக்கிறது. ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பைப் படித்து மாங்கம் நிலைகுலைந்துபோனார். பாட்டுகளில் பல அந்தச் சிறுமியைச் சுற்றி எழுந்தவை. ஆம்ஸ்டர்டாமில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தவள், பிடிபட்டு, 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். அந்த ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டது. அதற்குள் அவளும் அக்கா மார்காட்டும் போய்விட்டிருந்தார்கள்.

'ஹாலண்ட், 1945' என்ற பாட்டு இதைத்தான் பேசுகிறது, ஆனால் அதன் வேகத்தைக் கேட்க வேண்டும்! டிரம்ஸ் அடி, குழல்கள், எல்லாம் திருவிழா மாதிரி. கால் தானாகத் தாளம் போட்டது. சொற்கள் காதில் விழுந்ததும் காலை நிறுத்தினேன். நிறுத்தியதும் அபத்தமாக இருந்தது; மறுபடி போடவும் மனம் வரவில்லை. முழுப் பாட்டும் அந்தக் கால் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கோ பிறந்த ஒருவர், அரை நூற்றாண்டுக்கு முன் இறந்த சிறுமிமேல் இத்தனை உரிமை எடுத்துக்கொள்ளலாமா என்ற உறுத்தல் எனக்குப் போகவே இல்லை. உடம்பைப் பற்றிய சில வரிகளில் இன்றைக்கும் நெளிகிறேன். ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதைப் பேசாமல் நழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் 'ஓ கம்லி' வந்தால் என் வாதமெல்லாம் அடங்கிவிடும். 8 நிமிடத்துக்கு மேல் நீளம். கிடாரும் குரலும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவானவை. குழல்கள் பிறகு சேர்ந்தவை. ஏதாவது ஒரு கால எந்திரத்தில் ஏறிப் போய் அவளைக் காப்பாற்ற முடிந்தால் என்று ஏங்குகிற இடம் இதில்தான் வரும். குழந்தைகூடக் கேட்கத் தயங்குகிற ஆசை. வளர்ந்த மனிதர் வெட்கமே இல்லாமல் பாடுகிறார். பாட்டு முடிந்ததும் தூரத்தில் யாரோ வியந்துபோய்க் கத்துவது கேட்கும். வானொலியில் சொல்லக் கூடாத வார்த்தை. பதிவறையில் இருந்த சகாவின் வாயிலிருந்து தன்னை மறந்து விழுந்தது. அதை வெட்டி எறியாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். நானும் அந்த நொடியில் ஏறக்குறைய அதையே சொன்னேன், தமிழில்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் ஏசுவைக் கூவி அழைக்கிற இடம் இப்போதும் எனக்கு அளவுக்கு மீறிய சத்தம்தான். கடைசிக்கு முந்தியதில் வரும், பையிலிருந்து காற்றை வாங்கி ஒலிக்கிற குழலை ஒரு நிமிடம் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம். கருவிப் பட்டியலில் சிற்றலை வானொலியும் இருக்கிறது. அது நம் வீட்டுப் பிள்ளை, அதனால் குறை சொல்ல மாட்டேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மாங்கம் கிடாரைக் கீழே வைப்பதும், எழுந்து போவதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. இதற்குப் பிறகு அவர் பல வருடங்கள் பொதுவெளியிலிருந்தே ஒதுங்கிக்கொண்டார். 2013இல் குழுவாகத் திரும்பி வந்து 2015 வரை மேடைகளில் பாடினார்கள். புதிய ஆல்பம் வரவில்லை. அதனால் ரசிகர்கள் அந்தக் காலடியை ஒரு விடைபெறலாகக் கேட்கிறார்கள். எனக்கென்னவோ, வேலை முடிந்து எழுந்துபோகிற மனிதராகத்தான் தெரிகிறார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது சத்தம் என் அறையிலிருந்தே வருவதாக நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியபடிதான் இருந்தது.

வணக்கம்.