தங்குகிறவர்களும் வந்துபோகிறவர்களும்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, தம்பி தங்கைகளே,

யோவான் 15-ஆம் அதிகாரம் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஓய்வுநாள் பள்ளியில் "நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்று ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள் இங்கேயே நிறையப் பேர் இருப்பீர்கள். இன்றைக்கு அதில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: நிலைத்திருங்கள். 4 முதல் 10 வரையுள்ள வசனங்களுக்குள் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் 10 தரம் வருகிறது. சிலுவைக்கு முந்தின இரவில் ஒருவர் ஒரே சொல்லைப் பத்துத் தரம் சொல்கிறார் என்றால் லேசாக விட்டுவிட முடியுமா?

அது பெரிய தத்துவச் சொல் இல்லை, வீட்டுச் சொல். முதல் அதிகாரத்தில் இரண்டு சீஷர்கள் இயேசுவின் பின்னால் போய், எங்கே தங்கியிருக்கிறீர் என்று கேட்டு, அன்றைக்கு அவரோடேயே தங்கிவிடுகிறார்களே, அங்கேயும் இதே சொல்தான். எம்மாவு கிராமத்துக்குப் போன இரண்டு சீஷர்கள், பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று உயிர்த்தெழுந்த இயேசுவை வருந்திக் கேட்டதும் இதே சொல்தான். விருந்தாளி ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்போடு வருவார், முன்னறையில் உட்காருவார், போய்விடுவார். வீட்டுப் பிள்ளைக்கு அடுப்படி வரை உரிமை உண்டு. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற நாளிலும் அதே கூரையின் கீழேதான் தூங்கும். ஜெபம் வரவில்லை, மனசு வறண்டு கிடக்கிறது என்று வேதத்தை மூடி வைத்துவிடுகிறோமே, அன்றைக்குத்தான் நாம் தங்குகிறவர்களா வந்துபோகிறவர்களா என்பது தெரியும். வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீதே கேட்டிருக்கிறார்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கர்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்றொருவர் சமையல்கட்டில் வேலை செய்தார். பழைய படைவீரர், போரில் காயம்பட்டவர். சமையல் வேலை என்றாலே அவருக்குப் பிடிக்காது. அந்த அடுப்படியில்தான், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, முழங்காலில் நிற்கும்போது எப்படியோ அப்படியே தேவனோடு இருக்கப் பழகினார். அதற்கு முன்னால் ஏறக்குறைய பத்து வருஷம் உள்ளுக்குள் தவித்திருக்கிறார். பத்து வருஷம்! நாம் பத்து நாளில் சோர்ந்துபோகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து பண்ணின, அதாவது கொடிகளை வெட்டிவிட்ட திராட்சைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தல் முழுக்க வெறும் குச்சிதான் தெரியும், பட்டுப்போய்விட்டது என்றே நினைப்போம். ஏறக்குறைய நாலு மாதத்தில் அதே கொடியில் பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாய்த் தொங்கும். சுத்தம்பண்ணுகிறார் என்று 2-ஆம் வசனம் சொல்வது கனிகொடுக்கிற கொடியைத்தான், அதனால் கத்தி பட்டதும் தேவன் கைவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். எனக்குப் பயமெல்லாம் கீழே விழுந்த கொடியைப் பற்றித்தான். இலையோடு வெட்டிப்போட்ட கொடி உடனே வாடாது, ஒரு நாளோ இரண்டு நாளோ பச்சையாகவே கிடக்கும். சபைக்கு வருகிறோம், பாடுகிறோம், ஊழியம்கூடச் செய்கிறோம், பச்சை இருக்கிறது, செடியோடு ஒட்டியிருக்கிறோமா?

அப்புறம் பேதுரு. அந்த இரவில் இத்தனையும் காதால் கேட்டவர், விடிவதற்குள் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். பிறகு திபேரியா கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். இந்தத் தடவை நெருப்போடு காத்திருந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு. கடலில் குதித்து நனைந்து வந்த பேதுருவிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை, சாப்பிட வாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டார். என்னிலே அன்பாயிருக்கிறாயா என்ற கேள்வி சாப்பாடு முடிந்த பிறகுதான் வருகிறது.

ஆண்டவரை விட்டுவந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பி, இன்றைக்கு ராத்திரி யோவான் 21-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் படு.