கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஓட்டுப் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் தென்னாப்பிரிக்காவில் அப்படி இருக்கவே முடியாது; நாடாளுமன்ற உறுப்பினர் என்ன செய்கிறார் என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவையின் 400 இடங்களும் விகிதாசார முறையில், அதாவது வாங்கும் ஓட்டின் விகிதப்படி, நிரம்புகின்றன. யார் உள்ளே போவது என்பதைக் கட்சியின் பட்டியல் முடிவு செய்கிறது. 2024இல் சுயேச்சைகளும் நிற்கலாம் என்று சட்டம் வழிவிட்டது, ஒருவரும் ஜெயிக்கவில்லை. கட்சி நீக்கினால் உறுப்பினர் பதவியே போய்விடும். நமக்குப் பிடிக்காவிட்டாலோ அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது கண்காணிப்பு மட்டுமே.

1984இல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று தனி அவை வைத்தது. கறுப்பின மக்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமே இல்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்கள் காத்திருந்து பெற்ற நாடாளுமன்றம் இது. இதைக் கவனிக்காமல் விடலாமா?

சரி, எதைக் கவனிப்பது? பேச்சை மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். விவாத நேரத்தைக் கட்சியின் பலத்துக்கு ஏற்பப் பங்கு போடுகிறார்கள். சிறு கட்சிக்காரருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் ஆவேசப் பேச்சு அவருடைய உழைப்பைக் காட்டாது.

உறுப்பினர் அமைச்சர்களிடம் எழுத்து மூலம் கேட்கும் கேள்விகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 'என்டபிள்யூ' என்று தொடங்கும் எண் உண்டு. கேட்டவர் பெயர், கட்சி, எந்த அமைச்சருக்கு என்ற விவரம், கீழே பதில், எல்லாம் இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் அருகேயுள்ள டொங்காட் ஊரின் நீர்சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்களே, அதை வைத்துப் பாருங்கள். "அமைச்சருக்கு இது தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள், அதில் எவ்வளவு செலவானது, ஒப்பந்தக்காரர் யார், எந்தத் தேதியில் முடியும் என்று பிரித்துக் கேட்டால் நழுவ முடியாது. மழுப்பலாகப் பதில் வந்தால் அதே உறுப்பினர் மறுபடி கேட்டாரா என்பதையும் பாருங்கள். ஆளின் தரம் அங்கேதான் தெரியும்.

அடுத்தது நாடாளுமன்றக் குழுக்களின் கூட்டம். சட்டமும் வரவுசெலவும் அலசப்படுவது அங்கே. நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற தன்னார்வ அமைப்பு 1995இலிருந்து இதைப் பதிவு செய்து வருகிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதும் அதில் உண்டு. ஆனால் வரவில்லை என்றதுமே திட்டிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு குழுவில் உட்காரவேண்டிய நிலை சிறு கட்சிக்காரருக்கு வரும்.

கட்சிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஊர் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. அதற்கான அலுவலகத்துக்கு நாடாளுமன்றம் பணம் தருகிறது. உங்கள் பகுதிக்கு யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அவர் கேட்ட கேள்விகளை அச்செடுத்துக்கொண்டு நாலு பேராகப் போங்கள். கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.