4.45ங்கிற ஒரு நம்பர் விண்கலத்தையே முழுங்கின கதை | ஷேர்டு டேட்டா மாடல்னா என்ன?

[திரை: கருப்பு. நடுவுல 4.45 மட்டும்]

1999 செப்டம்பர் 23. நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பின்னால போகுது, எதிர்பார்த்ததைவிட 49 செகண்ட் முன்னாடியே சிக்னல் கட், அதுக்கப்புறம் வரவேயில்ல. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்துல போகவேண்டியது 57 வரைக்கும் இறங்கிடுச்சு. ஏன்னா, விண்கலத்தைக் கட்டின லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோட சாஃப்ட்வேர் பவுண்டு-விசை-செகண்ட்ங்கிற யூனிட்ல கணக்கு எழுதி அனுப்புச்சு, நாசா சாஃப்ட்வேர் அதை மெட்ரிக் யூனிட்டான நியூட்டன்-செகண்ட்னு நம்பிப் படிச்சுது. வித்தியாசம் 4.45 மடங்கு. இந்தக் கதையில ஒரு ட்விஸ்ட் பாக்கி இருக்கு, ஸ்கிப் பண்ணிடாதீங்க.

சரி, பேக்ரவுண்ட் வேகமா. ஒரு கம்பெனில சேல்ஸுக்கு ஒரு சிஸ்டம், பில்லிங்குக்கு ஒண்ணு, குடோனுக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் தனித்தனியா வாங்கினது, ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது. நடுவுல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு பொது வடிவம் வெச்சா அதுதான் ஷேர்டு டேட்டா மாடல், கொஞ்சம் கெத்தா சொன்னா கனானிகல் டேட்டா மாடல். முடிஞ்சுது பேக்ரவுண்ட்.

[திரை: பத்து புள்ளி, நடுவுல கோடுகளோட சிலந்திவலை]

இதை விக்கிறவங்க எல்லாரும் காட்டுற கணக்கு: 10 சிஸ்டம் நேருக்கு நேர் பேசினா, ஒரு திசைக்கு ஒரு டிரான்ஸ்லேட்டர்னு 10 × 9, மொத்தம் 90. பொது மாடல் வெச்சா ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு, மொத்தம் 20தான். சூப்பர்ல? ஆனா அவங்க காட்டாத கணக்கை நான் காட்டுறேன். 3 சிஸ்டம்னா அப்படியும் 6, இப்படியும் 6. ரெண்டே ரெண்டுன்னா நேரா பேச 2 போதும், பொது மாடலுக்கு 4 எழுதணும்! ரெண்டு பேர் பேசிக்க எதுக்குங்க பஞ்சாயத்து?

இப்போ என்னோட ஃபேவரிட் பகுதி. டிரான்ஸ்லேட்டரை எண்ணுறதெல்லாம் சின்ன விஷயம், உண்மையான தலைவலி அர்த்தத்துல இருக்கு. ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கோங்க, ஸ்டேட்டஸ் காலம்ல 'ஏ'. சேல்ஸ்ல அது ஆக்டிவ், பில்லிங்ல ஆர்கைவ்டு. தமிழ்ல எழுதினாலும் ரெண்டும் 'ஆ'தான், நல்லா மாட்டினோம்! டிரான்ஸ்லேட்டர் ஓடும், ஒரு எர்ரரும் வராது, கணக்கு மூடிட்டுப் போனவருக்கு மாசாமாசம் ஆஃபர் மெயில் போயிட்டே இருக்கும்.

பேங்க் உலகத்துல பாருங்க, பணம் அனுப்ப பேங்குகள் தங்களுக்குள்ள அனுப்பிக்கிற பழைய ஸ்விஃப்ட் மெசேஜ்ல பேரும் அட்ரஸும் 4 வரி, வரிக்கு 35 எழுத்து, அதுக்குள்ள எதை வேணா எப்படி வேணா திணிக்கலாம். தெருப் பேர்லயே தடை இருக்குற ஒரு நாட்டோட பேர் வந்துச்சுன்னு வைங்க, செக் பண்ற சாஃப்ட்வேருக்கு அது தெருவா நாடான்னு தெரியாது, பணத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அதுக்குப் பதிலா வந்த புது மெசேஜ் ஸ்டாண்டர்டான ஐ.எஸ்.ஓ. 20022ல தெரு, கட்டட எண், ஊர், நாடு எல்லாத்துக்கும் தனித்தனி இடம் இருக்கு. உலகம் முழுக்க பேங்குகள் பழசையும் புதுசையும் சேர்த்து ஓட்டி மாறின காலம் 2023 மார்ச்ல ஆரம்பிச்சு 2025 நவம்பர் வரைக்கும் போச்சு. நாலு வரி அட்ரஸைப் பிரிக்கிறது அவ்ளோ லேசில்லங்க.

[திரை: மறுபடியும் 4.45]

இப்போ அந்த ட்விஸ்ட். மெட்ரிக்லதான் அனுப்பணும்னு ஆர்பிட்டர் டீமோட இன்டர்ஃபேஸ் டாக்குமென்ட்ல தெளிவாவே எழுதியிருந்துச்சு! பொது மாடல் பேப்பர்ல இருந்துச்சு, வர்ற ஃபைல் அதும்படி இருக்கான்னுதான் சரியா சோதிக்கல. அதனால சொல்றேன், வாசல்லயே செக் பண்ற கோட் எழுதாம வெறும் பிடிஎஃப் மட்டும் போட்டு வெச்சா அது மாடலே இல்ல. ஃபீல்ட் பேர்லயே யூனிட்டையும் சேர்த்து எழுதுங்க, 'எடை'ன்னு விடாதீங்க, 'எடை_கிலோ'ன்னு வைங்க.

அதே சமயம் எல்லாத்தையும் உள்ள தள்ளி, நூத்துக்கணக்கான ஃபீல்ட், அத்தனையும் ஆப்ஷனல்னு ஒரு பூதத்தையும் வளர்க்காதீங்க. மருத்துவ டேட்டாவைப் பரிமாறிக்கிறதுக்கான ஃபயர் (FHIR) ஸ்டாண்டர்ட் இதை அழகா பண்ணுது, பெரும்பாலான சிஸ்டத்துக்குத் தேவையானது மட்டும் உள்ள, மிச்சமெல்லாம் எக்ஸ்டென்ஷன்.

உங்க ஆபிஸ்ல 'கஸ்டமர்'னா யாருன்னு ரெண்டு டீம்கிட்ட தனித்தனியா கேட்டுட்டு, வந்த ரெண்டு பதிலையும் கமெண்ட்ல போடுங்க. ஒரே பதில் வந்தா ஸ்க்ரீன்ஷாட்டோட போடுங்க, சும்மா சொன்னா நம்பமாட்டேன்.