ஜெனீவா விண்ணப்பமும் எங்க லயத்து முகவரியும்

வணக்கம் எல்லாருக்கும். பின்னால சத்தம் கேட்டா அது மழை, தகரத்துல விழுது. நிக்கட்டும்னு பாத்தேன், நிக்கிற மாதிரி தெரியல. அதனால பேச ஆரம்பிச்சிட்டேன்.

நேத்து ராத்திரி என் விண்ணப்பத்தை அனுப்பிட்டேன். ஜெனீவாவுல ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் அலுவலகம் நடத்துற சிறுபான்மையினர் புலமைப்பரிசில் திட்டத்துக்கு. எப்படிச் செஞ்சீங்க, என்ன எழுதினீங்கன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. பாதிப் பேர் நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க, கம்பஸ் முடிக்கப் போறவங்க. உங்களுக்காகத்தான் இந்த வீடியோ. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல காசு. இதை நான் கடைசியாப் பாத்தேன், அதனால மூணு வாரம் வீணாப் போச்சு. ஐ.நா. செயலகத்தோட இன்டர்ன்ஷிப், நம்ம பாடப்புத்தகத் தமிழ்ல உள்ளகப் பயிற்சி, அதுக்குத்தான் முதல்ல எழுதிக்கிட்டு இருந்தேன். ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும். பட்டப்படிப்புல கடைசி வருஷம் படிக்கிறவங்க, இல்லன்னா முடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்க போடலாம். எனக்குத் தகுதி இருக்கு. எழுதி எழுதி முக்கால்வாசி வந்த பிறகுதான் நிபந்தனையை முழுசாப் படிச்சேன். சம்பளம் கிடையாது. டிக்கெட், விசா, தங்குற இடம், காப்புறுதி எல்லாம் நம்ம பொறுப்பு.

எங்கம்மா கொழுந்து எடுக்கிறாங்க. அவங்க அடிப்படை நாள் சம்பளம் ஆயிரத்துல இருந்து 1350 ரூபாய் ஆனதே 2024 செப்டம்பர்லதான். ஜெனீவா உலகத்துலேயே விலை கூடின ஊர்கள்ல ஒண்ணு. அங்க ஆறு மாசம் சொந்தக் காசுல இருக்கணும்னா, சமூக நீதி பத்திப் பேசுற மேசைக்கு வர்றது யாரு? வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க மட்டும்தான். இதை நான் கோபமாத்தான் சொல்றேன். அந்த வேலையைப் பத்தி எனக்கு மரியாதை இருக்கு, அதனாலதான் கோபமும் வருது.

ஆனா எல்லாக் கதவும் அப்படி இல்ல. ஐ.எல்.ஓ., அதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அவங்க பயிற்சிக்கு வர்றவங்களுக்கு உதவித்தொகை குடுக்கிறாங்க. உலக சுகாதார அமைப்பும் 2020ல இருந்து குடுக்குது. நான் போட்ட திட்டம் 2005ல தொடங்கினது. இனம், மதம், மொழியால சிறுபான்மையா இருக்கிற சமூகத்து ஆளுங்களுக்குன்னே உள்ளது. போக வர டிக்கெட், அங்க இருக்கிற நாளுக்கான செலவு, மருத்துவக் காப்புறுதி எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்க. சில வாரம்தான், ஆனா போய் உக்காந்து படிக்க முடியும். அதனால எந்த விளம்பரத்தைப் பாத்தாலும் முதல்ல செலவு யார் பொறுப்புன்னு எழுதியிருக்கிற இடத்தைத் தேடிப் படிங்க. அப்புறமா பேனாவை எடுங்க. இன்னொண்ணு, ஐ.நா. விண்ணப்பத்துக்கு எந்தக் கட்டத்துலயும் கட்டணம் கிடையாது. டவுன்ல யாராவது பதிவுக் கட்டணம்னு கேட்டா ஒரு ரூபாய் குடுக்காதீங்க.

சரி, படிவத்தைத் திறந்தேன். பேர், பிறந்த தேதி, அடுத்தது நிரந்தர முகவரி. அங்க கை நின்னுபோச்சு.

நம்ம ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. வெளியில இருந்து பாக்கிறவங்களுக்குச் சொல்றேன். எங்க டிவிஷன்ல, அதான் தோட்டத்துல ஒரு பிரிவுல, 60 குடும்பத்துக்கு மேல இருக்கோம். முந்தி எல்லாருக்கும் ஒரே முகவரிதான், தோட்டத்துப் பேரு. வீட்டுக்கு நம்பர் இல்ல, பாதைக்குப் பேர் இல்ல. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்க இருந்து யாராவது, காலையில ஆள் பேர் எடுக்கிற பிரட்டுக் களத்துல குடுத்தாத்தான் கைக்குக் கிடைக்கும். பல தோட்டத்துல இன்னும் இப்படித்தான். எங்க லயத்துல, அதான் வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகள்ல, ஒரு அக்காவுக்கு ஆசிரியர் நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்துச்சு. அது அவங்க கைக்குக் கிடைச்சப்ப தேர்வு முடிஞ்சு ஒன்பது நாள். அந்த அக்கா அழல. கடிதத்தை மடிச்சு சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிட்டு அடுத்த நாள் கொழுந்துக்குப் போயிட்டாங்க. எனக்கு அப்ப ஏ லெவல் பரீட்சை நேரம். அன்னைக்குத்தான் இதை விடக் கூடாதுன்னு தோணுச்சு.

இப்ப கடிதத்துக்கு வாறேன், எதுக்காக நீங்க வரணும்னு கேப்பாங்கல்ல, அந்தக் கடிதம். நான் முதல்ல எழுதினது என்ன தெரியுமா? இருநூறு வருஷமா மிதிபட்ட சமூகம், 1948ல குடியுரிமை பறிச்சாங்க, 1964ல இலங்கை, இந்தியப் பிரதமருங்க போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல எங்களைக் கேக்காமலேயே 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கன்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. 2003ல வந்த சட்டத்துலதான் நாடற்றவங்கன்னு இருந்த மிச்சப் பேருக்குக் குடியுரிமை கிடைச்சுச்சு. எல்லாம் உண்மை. எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிருச்சு.

எங்களுக்கு உதவி செய்ற வேற ஒரு அக்கா இருக்காங்க, பேர் சொல்ல வேணாம்னாங்க. அவங்க படிச்சிட்டு, "தங்கச்சி, வரலாறு சரி. இதுல நீ எங்க இருக்க?"னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரெண்டு நாள் அவங்களோட பேசல. மூணாவது நாள் திரும்பப் படிச்சேன். அந்த ரெண்டு பக்கத்துல நான் எங்கயுமே இல்ல.

திருப்பி எழுதினேன். முதல் வரியே, "எங்கள் லயத்தில் ஒரு பெண்ணின் நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்பது நாள் தாமதமாக வந்தது." அடுத்து நாங்க என்ன செஞ்சோம். நானும் நாலு பிள்ளைங்களும் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனோம். லயத்துக்கு ஒரு நம்பர், காம்பராவுக்கு, அதான் லயத்துல ஒரு குடும்பம் இருக்கிற வீட்டுக்கு, ஒரு நம்பர், யார் யார் இருக்காங்கன்னு எழுதினோம். சுவருல பெயின்டால நம்பர் போட்டோம். சிலர் பயந்தாங்க, தோட்டத்துல கேப்பாங்களேன்னு. அவங்க வீட்டுல போடல, வற்புறுத்தவும் இல்ல. அப்புறம் கொப்பியோட தபால் அதிபரைப் பாத்தோம், ஊர் நிர்வாகத்தைப் பாக்கிற பிரதேச சபைக்குப் போனோம்.

பிரதேச சபை எதுக்குன்னா, 1987ஆம் வருஷச் சட்டத்துல 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள்ள சபைக் காசைச் செலவழிக்க விடாமத் தடுத்துச்சு. நாங்க ஓட்டுப் போடலாம், ஆனா எங்க பாதைக்கு ஒரு பல்பு போட முடியாது. 2018லதான் அதைத் திருத்தினாங்க. நாங்க அந்தத் திருத்தத்தைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுத்தான் போனோம். இப்ப மூணு லயத்துக்கு மட்டும் கடிதம் நேரா வருது. மிச்ச லயத்துக்கு இன்னும் இல்ல. அதையும் அப்படியே எழுதினேன். முடியாததை மறைக்காதீங்க, படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஜெனீவா ஏன்னு ஒரு கேள்வி. அதுக்குச் சும்மா உலகத்தைப் பாக்க ஆசைன்னு எழுதிடாதீங்க. 2021 கடைசில ஐ.நா.வோட சமகால அடிமைத்தனம் பத்தின விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா இலங்கைக்கு வந்தாரு. அவரோட அறிக்கை 2022ல ஜெனீவாவுல இருக்கிற மனித உரிமைகள் பேரவைக்குப் போச்சு. மலையக மக்கள் நிலைமை அதுல இருக்கு. நான் எழுதினது இதுதான்: அப்படி ஒரு அறிக்கைக்குத் தகவல் எப்படிப் போகுது, எங்க கொப்பியில இருக்கிற மாதிரியான விஷயத்தை எந்த வடிவத்துல குடுத்தா அங்க எடுப்பாங்க, அதைக் கத்துக்கிட்டு வந்து அடுத்த டிவிஷன் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

சின்ன விஷயம் ரெண்டு. ஒண்ணு, உங்க சமூகத்துல வேலை செய்ற ஒரு அமைப்போட ஆதரவுக் கடிதம் வேணும், கடைசி வாரத்துல போய்க் கேக்காதீங்க. இன்னொண்ணு, பிறப்புச் சான்றிதழை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. என்னுதுல அப்பா பேர் ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, அடையாள அட்டையில வேற மாதிரி. சமாதான நீதவான்கிட்ட சத்தியக் கடதாசி எடுத்து, கண்டிக்கு ரெண்டு தடவை போய்த்தான் பாஸ்போட் முடிஞ்சுது. விண்ணப்பிக்கும்போது பாஸ்போட் இல்லாதவங்க பயப்படாதீங்க, ஆனா பேர் பிரச்சினையை இப்பவே சரி பண்ணி வைங்க.

இங்கிலீஷ் பயம் இருக்கிறவங்க, முதல்ல தமிழ்ல எழுதுங்க. நான் அப்படித்தான் எழுதினேன். உங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. எங்கம்மா கேட்டுட்டு, "நம்பர் போட்டது நம்ம வீட்டுலதான் முதல்லன்னு எழுதினியா?"ன்னாங்க. எழுதல. சேர்த்தேன்.

நிரந்தர முகவரிக்கு என்ன போட்டேன்னு கேப்பீங்க. 4ஆம் லயம், 7ஆம் நம்பர் காம்பரா, அப்புறம் டிவிஷன், தோட்டம், தபாலகம். நாங்களே வச்ச நம்பர்தான்.

பதில் வர இன்னும் நாளாகும். அதுவரைக்கும், எழுதிக்கிட்டு இருக்கிறவங்க கடிதத்தோட முதல் பந்தியை மட்டும் எனக்கு அனுப்புங்க, தமிழ்லயே அனுப்புங்க. வெள்ளி, சனி ராத்திரிதான் எனக்கு டேட்டா இருக்கும், அப்ப ஒவ்வொண்ணாப் படிச்சிட்டுப் பதில் போடுறேன்.