"வழக்கமாக" என்ற ஒரே ஒரு சொல்

நண்பர்களே, வணக்கம்.

நம் செய்தித்தாள்கள் ரிஷி சுனக்கை "இங்கிலாந்து பிரதமர்" என்றே எழுதின. பழகிப்போன சொல் என்பதால் நாமும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலோ வேல்ஸின் கார்டிஃபிலோ ஒருவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவருக்கு மனம் வருந்தும். இங்கிலாந்து என்பது பிரிட்டனின் நான்கு பகுதிகளில் ஒன்று, அவ்வளவுதான். சோழ நாடு, நாஞ்சில் நாடு என்று நாம் ஒரு காலத்தில் சொன்ன "நாடு" நினைவிருக்கிறது அல்லவா? அதை மனதில் வைத்துக்கொண்டால் ஸ்காட்லாந்து ஓரளவு பிடிபடும். 1707 வரை அதற்குத் தனி நாடாளுமன்றம் இருந்தது; 1999-இல் மீண்டும் ஒன்று அமைந்தது. இன்றும் தனி நீதிமுறையும் தனிப் பள்ளிக்கல்வியும் இருக்கின்றன.

அதனால்தான் கன்சர்வேட்டிவ் கட்சியின் பழைய முழக்கமான "ஒரே தேசம்" ஊருக்கு ஊர் வேறு வேறாகக் கேட்கிறது. தென் இங்கிலாந்தில் அதற்குப் பொருள், ஏழையும் பணக்காரரும் பிரிந்து கிடக்கக் கூடாது என்பது. 2012-இல் எதிர்க்கட்சியான லேபரின் தலைவர் எட் மிலிபாண்ட் அதே சொல்லை எடுத்துக்கொண்டதும் அந்தப் பொருளில்தான். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் கேட்பவருக்கோ முதலில் எழும் கேள்வி, "எந்த தேசம்?"

சரி, இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது ஒரு வாக்குறுதியைப் பற்றி.

2014 செப்டம்பர் 18-இல் ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, 'டெய்லி ரெக்கார்ட்' நாளிதழின் முதல் பக்கம் முழுக்கப் பழைய சாசனம் போல ஒரு வாசகம் வந்தது. கீழே அன்றைய பிரதமர் டேவிட் கேமரன், எட் மிலிபாண்ட், லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் மூவரின் கையெழுத்து. தலைப்பே "சபதம்" என்ற பொருள் தரும் சொல். ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் நிரந்தரமானது, அதற்கு விரிவான புதிய அதிகாரங்கள் தரப்படும் என்றது அது. வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 85 சதவீதம். அவர்களில் 55 சதவீதம் பேர் பிரிட்டனோடு இருப்போம் என்றார்கள். அந்தச் சபதத்தை நம்பி எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று கணக்கிட முடியாது. ஆனால் சபதம் செய்தவர்கள் அதன் பலத்தை நம்பித்தான் கையெழுத்திட்டார்கள்.

முடிவு வந்த காலையிலேயே கேமரன் தன் வீட்டு வாசலில் நின்று, ஆங்கிலேயச் சட்டங்களுக்கு ஆங்கிலேய எம்.பி.க்களின் வாக்கு என்ற பேச்சை எடுத்தார். லண்டனில் அது நியாயமான பேச்சாகக் கேட்டிருக்கும். பிரிய வேண்டாம் என்று வாக்களித்துவிட்டுத் தூங்கி எழுந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

அப்புறம் 2016-இல் புதிய ஸ்காட்லாந்து சட்டம் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: நாடாளுமன்றம் நிரந்தரம் என்று அதில் எழுதினார்கள், வருமான வரி விகிதங்களை முடிவு செய்யும் அதிகாரமும் கொடுத்தார்கள். கூடவே இன்னொரு வரியும் இருந்தது. ஸ்காட்லாந்துக்குக் கொடுத்த துறைகளில், அதன் சம்மதம் இல்லாமல் லண்டன் நாடாளுமன்றம் "வழக்கமாக" சட்டம் இயற்றாது. எடின்பரோவில் இதை உறுதிமொழியாகப் படித்தார்கள். 2017 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்சிட் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், இது அரசியல் மரபு, நீதிமன்றம் கட்டாயப்படுத்தக்கூடிய சட்டம் அல்ல என்றது. நீதிபதிகள் பதினொரு பேரும் இதில் ஒரே கருத்து. அடுத்த ஆண்டு பிரெக்சிட் சட்டத்துக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சம்மதம் மறுத்தது. லண்டன் சட்டத்தை நிறைவேற்றியது. இது வழக்கமான சூழல் இல்லை என்பதே அரசு சொன்ன காரணம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எது வழக்கம், எது வழக்கம் இல்லை என்று முடிவு செய்யும் உரிமை, சொல்லை எழுதிய கையிலேயே தங்கிவிட்டது.

இதே கதைதான் வட இங்கிலாந்திலும் நடு இங்கிலாந்திலும். நெடுங்காலம் லேபரின் கோட்டையாக இருந்த அந்தத் தொகுதிகளை 2019 தேர்தலுக்குப் பிறகு "சிவப்புச் சுவர்" என்று எல்லோரும் எழுதினார்கள். தேர்தல் ஆய்வாளர் ஒருவர் அந்த ஆண்டுதான் உருவாக்கிய சொல் அது. டர்ஹமின் நிலக்கரி, ரெட்காரின் எஃகு, ஸ்டோக்கின் பீங்கான் என்று தனித்தனிப் பிழைப்பும் தனித்தனி இழப்பும் கொண்ட ஊர்களை அது ஒரே சுவராகப் பூசிவிட்டது. 1885 முதல் இருக்கும் பிஷப் ஆக்லாந்து தொகுதி முதல்முறையாகக் கன்சர்வேட்டிவுக்குப் போனது. இந்த ஊர்க்காரர்களுக்கு அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் கொடுத்த சொல் "லெவலிங் அப்": பின்தங்கிய ஊர்களை மேலே உயர்த்திச் சமமாக்குவது. அதற்காக ஒரு அமைச்சகத்தின் பெயரையே மாற்றினார்கள்.

2022-இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட சுனக், தெற்கே வசதியான டன்பிரிட்ஜ் வெல்ஸில் கட்சிக்காரர்களிடம் பேசினார். ஏழ்மையான நகரப் பகுதிகளுக்கே பணத்தைத் தள்ளிய பழைய ஏற்பாட்டை மாற்றத் தொடங்கினேன் என்றார். அந்தக் காணொளி வடக்கிலும் பார்க்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் பிரதமராக மான்செஸ்டருக்கு வந்து, பர்மிங்காமிலிருந்து அந்நகருக்கு வரவிருந்த அதிவேக ரயில் பாதை ரத்து என்று அறிவித்தார். அறிவித்த மண்டபம் ஒரு காலத்தில் ரயில் நிலையம். 2024-இல் பிஷப் ஆக்லாந்து லேபரிடம் திரும்பியது. 2025-இல் அந்த டர்ஹம் மாவட்டத்தின் கவுன்சிலே, இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியின் கைக்குப் போனது. இதைப் பார்த்த சிலர், அந்த மக்களுக்கு அரசியல் புரியவில்லை என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். கொடுத்த சொல்லை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குக் கேட்கிறார்கள்.

தெளிவில்லாத சொல் எல்லாமே ஏமாற்று என்றும் நான் சொல்லவில்லை. வடக்கு அயர்லாந்தைப் பாருங்கள். பல ஆண்டு வன்முறையை முடிக்க 1998 ஏப்ரல் 10-இல் வந்த அமைதி உடன்படிக்கைக்கே இரண்டு பெயர். பிரிட்டனோடு இருக்க விரும்புவோர் பெரும்பாலும் அதை பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை என்பார்கள், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்போர் புனித வெள்ளி உடன்படிக்கை என்பார்கள். இரு தரப்பும் அதை வேறு வேறாகப் படித்தன, அப்படிப் படிக்க இடம் இருப்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. பொருள் சொல்லும் உரிமை ஒருவர் கையில் மட்டும் இல்லை. மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் அங்கே 71 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள். அங்கே பிறந்த ஒருவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்கிறது அது. அதோடு நிறுத்தாமல், "அல்லது இரண்டும்" என்றும் எழுதி வைத்திருக்கிறது.