உரியவர் கையெழுத்திலேயே விற்போம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

பிள்ளைகள் வெளியேறிவிட்ட, தென்னாப்பிரிக்க டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பழைய வீட்டை இப்போதே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்பது தலைப்பு. விற்பதே சரி என்ற அணிக்காக நிற்கிறேன். எதிரணி மூன்று காரணம் சொன்னது: வட்டி இறங்குவதால் விலை ஏறும், அதுவரை வாடகைக்கு விடலாம், நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து விரட்டப்பட்டவர்கள் பாடுபட்டுக் காத்த வீட்டைக் கைவிடலாமா?

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன், அதுதான் நெஞ்சைத் தைத்தது. 1960களில் இங்கே வந்தவர்களுக்கு நகராட்சி தந்தது சின்னஞ்சிறு வீடு. பின்கட்டு அறையும் மாடியும் அவர்கள் வியர்வையில் எழுந்தவை. அந்த வியர்வையின் மதிப்பு குறையாமல் பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டாமா? அது குறைவது பெரும்பாலும் சந்தையால் அல்ல. பத்திரத்தில் பெயருள்ளவர் கண்மூடிய பிறகு குறைகிறது.

தாத்தா இருக்கும்போது விற்றால் அவர் கையெழுத்துப் போதும். கூட்டுச் சொத்து முறையில் மணமானவர் என்றால் அவர் மனைவியான ஆயாவின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் இரண்டு மூன்று மாதத்தில் பெயர் மாறிவிடும். அவர் போன பிறகு? இறந்தவர் சொத்தைக் கண்காணிக்கும் அதிகாரியான உயர் நீதிமன்ற மாஸ்டரின் அலுவலகத்தில் மரணத்தைப் பதிந்து, அந்தச் சொத்தைப் பிரித்துத் தரும் நிறைவேற்றுநருக்கான நியமனக் கடிதம் வாங்க வேண்டும். வீட்டை விற்க, 1965ஆம் ஆண்டு மரபுரிமைச் சொத்து நிர்வாகச் சட்டத்தின் 42(2) பிரிவுப்படி மாஸ்டரின் ஆட்சேபமின்மைக் குறிப்பு தனியே வேண்டும். ஒரு பிள்ளை கனடாவிலும் இன்னொரு பிள்ளை ஆஸ்திரேலியாவிலும் இருந்தால் ஒவ்வொரு கையெழுத்தையும் அந்தந்த நாட்டில் சான்றளித்து அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் சோம்பி யாரும் எதையும் பதியாமல் விட்டு, வீட்டில் குடியிருந்த மகனும் போய்விட்டால், பேரப்பிள்ளைகள் இரண்டு மரணங்களின் சொத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். அத்தனை காலமும் மாநகராட்சிக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

வட்டிக்கு வருகிறேன். 2023 மே மாதம் 11.75 விழுக்காடாக இருந்த பிரைம் வட்டி, அதாவது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி, 2025 நவம்பரில் 10.25க்கு இறங்கியது உண்மை. பத்து லட்சம் ராண்ட் கடனுக்கு, 20 ஆண்டுத் தவணையில், மாதம் ஏறத்தாழ ஆயிரம் ராண்ட் மிச்சம். ஆகவே வாங்குபவர் வருகிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இன்னும் ஏறட்டும்" என்று காத்திருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பனைப் பலகை மாட்டினால் பேரம் பேசும் பலம் யாருக்கு? 12 லட்சம் ராண்ட் வீடு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினாலும் கிடைப்பது 48,000. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒன்றை மாற்ற நேர்ந்தால் அது கரைந்துவிடும். முழுக் கூரையையும் கழற்ற, 2020 விதிகளின்படி பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும்.

வாடகையா? குடியிருப்பவர் பணம் கட்டாமல் நின்றால், 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற ஆணை இன்றி அவரை வெளியேற்ற முடியாது. வழக்கறிஞர் செலவு வீட்டுக்காரருடையது. எழுபது வயதுக்காரரை இதில் இறக்கிவிடுவது நியாயமா?

விற்பதென்றால் அவசர விற்பனை அல்ல. முதல் வேலை, அங்கீகரித்த வரைபடத்தை மாநகராட்சியில் கேட்டு வாங்குவது. பின்கட்டு அறை அதில் இல்லையென்றால் வாங்குபவரின் வங்கி கடனை நிறுத்திவைக்கலாம். பேரம் முறிவது பெரும்பாலும் இங்கேதான். மின் இணக்கச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அதை அடைக்கப்போவதாக வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்பை இப்போதே கொடுங்கள், இல்லையேல் அபராத வட்டி விழும். தரகருக்கு 6 விழுக்காடு பேசினால், 12 லட்சத்துக்கு 72,000. அதன்மேல் 15 விழுக்காடு வாட் வரி 10,800. கையில் நிற்பது எவ்வளவு என்று இதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, 2025 ஏப்ரலில் பெயர்மாற்ற வரியின் விலக்கு வரம்பு 12,10,000 ராண்டாக உயர்ந்தது. அதற்குள் விலை வைத்தால் வாங்குபவருக்கு அந்த வரியே இல்லை.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தரகர் வழி விற்கும்போது வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்தச் சுவர் எப்போது ஒழுகியது, தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த அறை எந்த ஆண்டு எழுந்தது என்பதெல்லாம் கட்டியவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாத வீட்டில் அந்தப் படிவத்தை யார் நிரப்புவது?

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். விலை ஏறக் காத்திருக்கும் அந்த வீட்டின் பத்திரத்தில் இருப்பது யார் பெயர்? அவருக்கு இப்போது வயது என்ன? நன்றி, வணக்கம்.