பெற்ற வாக்கும் கிடைத்த இடமும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெருமக்களே, மாலை நேரத்துப் போக்குவரத்து நெரிசலைக் கடந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் சென்னைப் பெருநகரத்து வாக்காளர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மக்களவையின் கட்சி அமைப்பு மக்கள் அளித்த வாக்கைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே இன்றைய தலைப்பு. மறைக்கிறது என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 543 தொகுதிகளிலும் மற்றவர்களைவிட அதிக வாக்கு வாங்கியவரே உறுப்பினராகிறார், ஆகவே அவையில் நாம் காண்பது மக்கள் தீர்ப்பேதான் என்றார். ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் மக்களவையில் அரசு அமைவதும் கவிழ்வதும், மசோதா நிறைவேறுவதும் தோற்பதும் கட்சிகளின் எண்ணிக்கையால்தான்; அந்த எண்ணிக்கை வாக்கின் அளவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதானே முறை?

வெகுதூரம் போக வேண்டாம். வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை என்று இந்த நகரத்துக்கு மூன்று தொகுதிகள். 2014இல் மூன்றும் அ.தி.மு.க.வுக்குப் போயின, 2024இல் மூன்றும் தி.மு.க.வுக்குப் போயின. மாநிலம் முழுவதும் இதே கதைதான். 2014இல் ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்கு பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39 இடங்களில் 37 கிடைத்தன. 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2024இல் சுமார் 47 விழுக்காடு பெற்ற தி.மு.க. கூட்டணி 39 இடங்களையும் எடுத்துக்கொண்டது. 20 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க. வெறுங்கையோடு நின்றது. நான் இரண்டு கட்சிகளில் எதற்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு தேர்தலில் இவர்களுடைய வாக்காளர்கள், மறு தேர்தலில் அவர்களுடைய வாக்காளர்கள், ஐந்தாண்டுக் காலத்துக்கு மக்களவையில் ஆளில்லாமல் போகிறார்கள் என்பதே என் கவலை.

ஆளில்லாமல் போவது என்றால் என்ன என்பதை நடுவர் அவர்கள் சற்றே கருதிப் பார்க்க வேண்டுகிறேன். மக்களவையில் ஒரு மசோதாவின் மீது பேசுவதற்கான நேரம், கட்சிகளின் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. உறுப்பினரே இல்லாத கட்சிக்கு ஒரு நிமிடமும் இல்லை. மசோதாக்களை வரி வரியாக ஆராயும் நிலைக்குழுக்களில் மக்களவையின் பங்காக உள்ள இடங்களிலும் அதற்கு இடமில்லை. மாநிலங்களின் வரி விதிக்கும் உரிமையையே மாற்றி அமைத்த சரக்கு மற்றும் சேவை வரிக்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016இல் மக்களவைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு வாக்கைப் பெற்றிருந்த கட்சியின் சார்பில் அங்கே எழுந்து நின்று பேச ஒருவர்கூட இல்லை. அந்த வரியைக் கட்டும் தியாகராய நகர் வணிகர் தி.மு.க.வுக்கு வாக்களித்திருந்தால், அவர் வாக்கு அந்த அவையில் எங்கே இருந்தது?

நாடு முழுவதற்கும் வருவோம். அதே 2014இல் பகுஜன் சமாஜ் கட்சிக்கு 2 கோடியே 29 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். வாக்குக் கணக்கில் அது நாட்டின் மூன்றாவது பெரிய கட்சி. கிடைத்த இடம் பூஜ்யம். அ.தி.மு.க. பெற்றது 1 கோடியே 81 இலட்சம் வாக்குகள். கிடைத்த இடங்கள் 37. 1984இல் 7 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற பாரதிய ஜனதா கட்சிக்கு இரண்டே இடங்கள். அதைவிடக் குறைந்த விழுக்காடு பெற்ற தெலுங்கு தேசம் 30 இடங்களோடு மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்தது. அதே பாரதிய ஜனதா கட்சி 2019இல் 37 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வாக்குடன் 303 இடங்களைப் பெற்றது. 2024இல் அதன் வாக்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளிகூடக் குறையவில்லை. இடங்களோ 240 ஆகச் சுருங்கிவிட்டன. மக்கள் மனம் இவ்வளவு மாறிவிட்டது என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை. மாறியது பெரும்பாலும் வாக்கு விழுந்த இடமும் எதிரே அமைந்த கூட்டணிக் கணக்கும்தான்.

ஒரே ஒரு தொகுதியை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். 2024இல் விருதுநகரில் காங்கிரசும் தே.மு.தி.க.வும் பா.ஜ.க.வும் மோதின. வெற்றி வித்தியாசம் 4,379 வாக்குகள். மூன்றாவதாக வந்தவர் வாங்கியதோ ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். வென்றவருக்குப் பதிவான வாக்கில் நாற்பது விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. அவர் வென்றது முறைப்படி சரியே. மீதமுள்ள பெரும்பான்மைக்கு அவையில் கணக்கே இல்லை என்பதுதான் சரியில்லை.

வாக்குக்கு ஏற்ப இடம் கொடுத்தால் நிலையான ஆட்சி அமையாது என்று எதிரணியின் சகோதரி அழுத்தமாகச் சொன்னார். வரலாறு அவருக்குத் துணை வரவில்லை. 1977இல் தனிப்பெரும்பான்மையோடு வந்த ஜனதா அரசு 1979இலேயே கவிழ்ந்தது. 1991இல் பெரும்பான்மை இல்லாமல் தொடங்கிய நரசிம்ம ராவ் அரசு ஐந்தாண்டும் நீடித்தது. 2004இல் காங்கிரசுக்கு இருந்தவை வெறும் 145 இடங்கள். மன்மோகன் சிங் அரசு முழுக் காலமும் நடந்தது.

வாக்கின் அளவுக்கு ஏற்ப இடம் கொடுக்கும் விகிதாசார முறையை அண்ணல் அம்பேத்கரே அரசியல் நிர்ணய சபையில் ஏற்கவில்லை என்பதையும் அந்தச் சகோதரி எடுத்துக்காட்டினார். உண்மைதான், அண்ணலின் சொல்லை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. எழுத்தறிவு பரவலாக இல்லாத நாட்டுக்கு அந்த முறை ஒத்துவராது என்பது அவர் காட்டிய காரணங்களுள் முதன்மையானது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் 18 விழுக்காடு. 2011இல் 74 விழுக்காடு. அந்தக் காரணம் இன்று அதே வலிமையோடு நிற்கவில்லை.

தொகுதிக்கு என்று ஓர் உறுப்பினர் வேண்டாமா, குடிநீருக்கும் இரயில் நிலையத்துக்கும் மக்கள் யாரிடம் மனு கொடுப்பார்கள் என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. நியூசிலாந்து நம்முடைய முறையையே வைத்திருந்து, 1993இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி இந்தக் கலப்பு முறைக்கு மாறியது. நம் சட்ட ஆணையமே 1999இல் அளித்த 170ஆவது அறிக்கையில், இருக்கும் தொகுதிகளைத் தொடாமல், அவற்றில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கி, கட்சிகளின் வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது.

புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை அரங்கில் 888 இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்குப்படி தொகுதிகளின் எண்ணிக்கை கூடினால் தமிழ்நாட்டின் பங்கு குறையுமே என்று இந்த நகரம் அஞ்சுவதை நான் அறிவேன். அந்த அச்சத்தில் எனக்கும் பங்குண்டு. எனவேதான், மாநிலங்களுக்கு இடையே இன்றுள்ள விகிதத்தை மாற்றாமல், கூட்டப்படும் இடங்களை ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் கட்சிகள் பெற்ற வாக்கின் அளவுப்படி பகிர வேண்டும் என்று கேட்கிறோம். 2014இல் தி.மு.க.வுக்கு விழுந்த வாக்கும் 2024இல் அ.தி.மு.க.வுக்கு விழுந்த வாக்கும் இன்று மக்களவையில் மறைந்து கிடக்கின்றன என்பதை ஏற்று, எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.